மாநிறத்துக்கு எந்த மார்க்கர் வாங்குவது?

ஆல்கஹால் மார்க்கர் (ஆல்கஹாலில் கரைந்த சாயம் உள்ள வண்ணப் பேனா) வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அவர்களுடைய மார்க்கர் பெட்டியைத்தான். அநேகமாக எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருக்கும். வெளிர் பீச், வெளிர் ரோஸ், க்ரீம் மார்க்கர்கள் மை தீரும் நிலையில் கிடக்கும். பழுப்பு இரண்டோ மூன்றோ இருக்கும், அதுவும் மரத்துக்கும் தலைமுடிக்கும் மட்டும் போட்டது. ஸ்கெட்ச் நோட்டைப் புரட்டினால் அம்மா, தாத்தா, பக்கத்து வீட்டுப் பையன் எல்லாரும் ஒரே பீச் நிறத்தில் இருப்பார்கள். அந்த மார்க்கரைப் பிடித்திருக்கும் கை அந்த நிறத்தில் இருக்காது.

இதைப் பிள்ளைகளின் தவறு என்று சொல்ல மாட்டேன். ஒன்றாம் வகுப்பில் "ஸ்கின் கலர் குடு" என்று கேட்டால் பக்கத்துப் பிள்ளை யோசிக்காமல் நீட்டுவது பீச் க்ரேயானைத்தான். அமெரிக்காவின் க்ரேயோலா நிறுவனம் அந்த நிறத்தை 'சதை' என்ற பொருள்படும் பெயரில்தான் விற்றுவந்தது. 1962இல் பெயரைப் பீச் என்று மாற்றியது. மனிதத் தோலின் 24 நிறங்களைத் தனிப் பெட்டியாகக் கொண்டுவர அதே நிறுவனத்துக்கு 2020 வரை ஆயிற்று. நம் வகுப்பறைகளில் பழைய பழக்கம் அப்படியே தொடர்கிறது. அதை உடைக்க அறிவுரை போதாது, கைக்குச் சரியான மார்க்கரும் வேண்டும், அதைப் போடத் தெரியவும் வேண்டும்.

நான் காப்பிக் (Copic) என்ற பிராண்டு மார்க்கரை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் எண்களிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. மூடியில் உள்ள ஆங்கில எழுத்து நிறக் குடும்பத்தைச் சொல்லும். 'ஈ' (E) என்றால் மண் நிறங்கள். அடுத்து வரும் முதல் எண் சிறியதாக இருந்தால் நிறம் துலக்கமாக இருக்கும், பெரியதாக இருந்தால் சாம்பல் கலந்து மங்கலாக இருக்கும். கடைசி எண் கூடக் கூட நிறம் அடர்த்தியாகும். ஈ33, ஈ35, ஈ37 என்று கடைசி எண்ணில் இரண்டிரண்டாக ஏறினால் மூன்றும் ஒன்றோடொன்று எளிதாகக் கலக்கும். மஞ்சள் சாயும் மாநிறத்துக்கு இந்த மூன்றும் நல்ல தொடக்கம். கொஞ்சம் செம்மை வேண்டுமென்றால் ஈ13, ஈ15, ஈ18. நல்ல கறுப்புக்கு ஈ25, ஈ27, ஈ29. அதற்கும் மேலே ஈ47, ஈ49. வேறு பிராண்டு வைத்திருப்பவர்கள் இந்தப் படிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தங்களிடம் உள்ள பழுப்புகளைக் காகிதத்தில் போட்டுப் பார்த்து அதே வரிசையில் அடுக்கிக்கொள்ளலாம். மூடியின் நிறத்தை நம்பவே கூடாது. மையும் ஈரத்தில் ஒரு மாதிரி இருக்கும், காய்ந்ததும் வெளிறும்.

இனி முக்கியமான விஷயம். கறுப்பான ஒருவரை வரையச் சொன்னால் பலரும் வெளிர் நிறத்தைப் பூசி, மேலே சாம்பல் மார்க்கரை ஏற்றி இருட்டாக்குகிறார்கள். முகம் சாம்பல் பூத்து, உடம்பு சரியில்லாத ஆள் மாதிரி ஆகிவிடுகிறது. ஆல்கஹால் மார்க்கர் மை ஒளி ஊடுருவும் சாயம். அடியில் இருக்கும் நிறமும் மேலே போடும் நிறமும் சேர்ந்துதான் கண்ணுக்குத் தெரியும். சாம்பலை ஏற்றினால் நிறம் இருட்டாவதோடு அதன் உயிரும் போகிறது. கறுப்புத் தோலுக்குள் சிவப்பு இருக்கிறது, ஆரஞ்சு இருக்கிறது, சிலரிடம் நீலச் சாயலும் இருக்கிறது. அதனால் பழுப்பிலேயே தொடங்க வேண்டும். நிழல் விழும் இடத்தில் முதலில் பிவி23 (BV23) மாதிரி ஒரு மங்கலான ஊதாவைப் போட்டுவிட்டு அதன் மேல் பழுப்பை ஏற்றிப் பாருங்கள். தாடைக்குக் கீழே, மூக்கின் பக்கவாட்டில், கழுத்தில் வரும் ஆழம் சாம்பலால் ஒருநாளும் வராது.

கன்னச் சிவப்பிலும் இதே சிக்கல்தான். பழுப்பின் மேல் வெளிர் ரோஸைப் போட்டால் ரோஸ் தெரியாது. மாறாக அதிலுள்ள ஆல்கஹால் அடியில் இருக்கும் பழுப்பைக் கரைத்துத் திட்டுத்திட்டாக்கிவிடும். சிவப்பை அடியில் போட்டுவிட்டு மேலே பழுப்பைக் கொண்டுவரலாம், அல்லது ஈ99 போன்ற செங்கல் நிறத்தைக் கன்னத்தில் தடவலாம்.

கறுப்பு முகத்தை வரைவதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒளி. எந்தத் தோலாக இருந்தாலும் அதன் மேற்பரப்பு ஒரு சிறு பங்கு வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்புகிறது. வெளிர் தோலில் உள்ளே போன வெளிச்சமும் நிறையத் திரும்பி வருவதால் இந்தப் பளபளப்பு அதில் கரைந்துபோகும். கறுப்புத் தோலில் உள்ளே போகும் வெளிச்சத்தைத் தோலின் நிறமியான மெலனின் வாங்கிக்கொள்கிறது. மேற்பரப்பின் ஒளி தனித்துத் துல்லியமாக நிற்கிறது. எண்ணெய்க் காப்பு போட்ட கருங்கல் சிலையில் விளக்கின் மஞ்சள் அப்படியே தெரிவது போல, கறுப்பு முகத்தின் ஒளிப்புள்ளி எந்த வெளிச்சத்தில் நிற்கிறதோ அதன் நிறத்தை எடுத்துக்கொள்ளும். மதிய நேரத்து நிழலில் நிற்பவரின் நெற்றியில் வானத்தின் நீலம் இருக்கும். மாலையில் ஆரஞ்சு. ட்யூப் லைட்டுக்குக் கீழே குளிர்ந்த வெள்ளை. ஆகவே எல்லா முகத்திலும் வெள்ளை ஜெல் பேனாவால் கோடு இழுக்காதீர்கள். நெற்றி, கன்ன மேடு, மூக்குத் தண்டு, காறை எலும்பு ஆகிய இடங்களில் முதலிலேயே பி00 (B00) போன்ற மிக வெளிர் நீலத்தையோ, மாலை வெளிச்சம் என்றால் வெளிர் ஆரஞ்சையோ போட்டுக் காப்பாற்றி வைத்துவிட்டு, சுற்றிப் பழுப்பைக் கொண்டுவாருங்கள். ஓர் ஓரத்தை மட்டும் மென்மையாக்கி மறு ஓரத்தைக் கூர்மையாக விடுங்கள். வெள்ளைப் பேனா கடைசியில், மூக்கு நுனியிலும் கீழ் உதட்டிலும் ஒரு புள்ளி மட்டும்.

ஓர் ஆளின் உடம்பிலேயே நிறம் மாறும் என்பதையும் பார்க்கப் பழக வேண்டும். உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளிறியிருக்கும், ஆனால் ரேகைகள் அடர்ந்திருக்கும். முழங்கை, முழங்கால், விரல் மூட்டு, கண்ணிமை, வாயோரம் எல்லாம் ஒரு படி கூடுதல். பலருக்கு மேலுதடு பழுப்பாகவும் கீழுதடு ரோஸாகவும் இருக்கும். வயல் வேலை செய்பவரின் சட்டைக் கை விலகினால் கையில் இரண்டு நிறம் தெரியும். வெண்புள்ளி உள்ள ஒருவரை வரைந்தால் அதை மறைக்காதீர்கள். புள்ளியின் வடிவத்தை முதலில் பென்சிலில் மெல்லக் குறித்து, அங்கே வெளிர் நிறத்தைப் போட்டுக் காயவிட்டு, பிறகு ஓரம் தெளிவாக நிற்கும்படி பழுப்பைக் கொண்டுவாருங்கள். நிழல் மட்டும் இரண்டின் மேலும் தொடர்ச்சியாக ஓட வேண்டும். இல்லாவிட்டால் புள்ளி தோலில் இல்லாமல் மேலே ஒட்டியது போல் தெரியும்.

தொழிலாகச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணப் பத்திரிகைக்கு ஜோடி ஓவியம் கேட்டு வருகிறவர்களில் பலர், "பொண்ணை மட்டும் கொஞ்சம் கலரா போட்டுடுங்க" என்கிறார்கள். மாப்பிள்ளையைப் பற்றி அப்படிக் கேட்பது அபூர்வம். கேட்பவர் பெரும்பாலும் அந்தப் பெண்ணும் இல்லை, வீட்டில் வேறு யாரோ. ஃபில்டர் போட்ட செல்ஃபியைத்தான் அனுப்புவார்கள். நான் ஃபில்டர் இல்லாமல், காலை நேரத்தில் ஜன்னல் பக்கம் நின்று, முகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து எடுத்த படம் கேட்பேன். தாளின் வெள்ளையை வைத்து அந்தப் படத்தில் நிறம் எவ்வளவு புரண்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். அப்புறம், முழுப் படத்தையும் முடிப்பதற்கு முன் அவரவர் நிறத்தில் முகங்களை மட்டும் போட்டு அந்தப் பெண்ணுக்கே நேரடியாக அனுப்புவேன். அவருக்குப் பிடித்திருந்தால் அதற்கு மேல் யார் கேட்டாலும் நிறத்தை மாற்ற மாட்டேன். சில ஆர்டர் கைவிட்டுப் போகும், போகட்டும். தன் கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெண் வேறு ஆளாக நிற்பதற்கு என் கை உதவக் கூடாது.

அச்சுக்குப் போகும் படமென்றால் கூடுதல் கவனம் தேவை. ஸ்கேன் செய்யும்போது மிக வெளிர் சாயல்கள் காணாமல் போகும். அச்சில் மை காகிதத்தில் பரவி நடுச்சாயல்கள் இன்னும் இருட்டாகும். கறுப்பு முகத்தில் கண்ணும் மூக்கும் ஒன்றாகக் கலந்துவிடும். அதற்காக மொத்தப் படத்தையும் வெளுக்க வேண்டாம். நடுச்சாயலை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கி, ஒளிப்புள்ளியையும் நிழலையும் இருந்தபடியே விட்டு, ஒரு மாதிரி அச்சு எடுத்துப் பாருங்கள். மூலப் படத்தை வெயில் படாமல் வையுங்கள், மார்க்கர் சாயம் வெளிச்சத்தில் வெளிறும். லேசர் பிரின்ட் எடுத்த கோட்டுப் படத்தில் வண்ணம் போடாதீர்கள். டோனர் என்ற அச்சுத்தூள் கரைந்து முகமெல்லாம் கறை இழுக்கும்.

மார்க்கர் விலை அதிகம், எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க யாராலும் முடியாது. ஆறு மட்டும் வாங்க முடியும் என்றால் ஈ13, ஈ35, ஈ37, ஈ27, ஈ49, அதோடு ஒரு மங்கலான ஊதா. வெளிர் நிறங்கள் அடுத்த மாதம் வரட்டும். செட்டாக வாங்கியிருந்தால் அவை ஏற்கெனவே உங்களிடம் இருக்கும். ஆறையும் நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் காகிதத்திலேயே ஒரு பூச்சு, இரண்டு பூச்சு, ஊதாவின் மேல் ஒரு பூச்சு என்று கட்டம் கட்டிப் போட்டு, காய்ந்த பிறகு உங்கள் முன்கைக்குப் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். முன்கையின் வெளிப்புறத்துக்கு ஒரு கட்டம், உட்புறத்துக்கு ஒரு கட்டம் பொருந்தும். வீட்டில் இருக்கும் மற்றவர்களின் கைகளையும் கூப்பிட்டு வைத்துப் பார்த்து, யாருக்கு எது என்று கட்டத்துக்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.