பலகையை மூடும் முன் மேலே பாருங்கள்: சீலிங் ஸ்பீக்கர் வைப்பவர்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் புதிதாக வீடு கட்டும் பலர், ஹாலுக்கு ஜிப்சம் பலகையால் ஃபால்ஸ் சீலிங் போடும்போதே அதில் ஸ்பீக்கரும் பதித்துவிட விரும்புகிறார்கள். நல்ல ஆசைதான். பெட்டி எதுவும் கண்ணில் படாது, வயர் காலில் சிக்காது, காலையில் போடும் பக்திப் பாடல் சமையலறையில் இருப்பவருக்கும் திண்ணையில் இருப்பவருக்கும் ஒரே அளவில் கேட்கும். ஆனால் எந்த ஸ்பீக்கர் வாங்குவது என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறவர்கள்கூட, பலகைக்கு மேலே என்ன வேலை நடக்கிறது என்று ஒருமுறையும் ஏறிப் பார்ப்பதில்லை. இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இதுதான் கவலை. ஸ்பீக்கர் கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம். மேலே கிடக்கும் வயரும் அதன் இணைப்புகளும் வீடு இருக்கும்வரை அங்கேயேதான் கிடக்கும்.

தவறுகள் பெரும்பாலும் பால் காய்ச்சும் நாளுக்கு முந்தைய வாரத்தில்தான் நடக்கின்றன. தையிலோ ஆவணியிலோ முகூர்த்தம் குறித்து, சொந்தபந்தங்களுக்கு அழைப்பும் வைத்தாகிவிட்டது. பெயிண்டரும் எலக்ட்ரீஷியனும் தச்சரும் ஒரே ஹாலில் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஸ்பீக்கர் வயர் அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. கையில் கிடைத்த மெல்லிய வயரை லைட்டுக்குப் போகும் பைப்பிலேயே நுழைத்து, முனையை முறுக்கி டேப் சுற்றி, பலகையை மூடிவிடுகிறார்கள். மேல்தளத்துக்கு கான்கிரீட் போடும் முன், பைப் பரப்பும் நாளிலேயே ஸ்பீக்கருக்கென்று தனிப் பைப் கேளுங்கள். அது தவறினால் சீலிங்குக்குச் சட்டம் கட்டும் நாள் கடைசி வாய்ப்பு. மேல்தளத்தில் கசிவு இருக்கிறதா என்பதையும் அதற்குள் பார்த்துவிட வேண்டும். ஐப்பசி மழை ஒன்றைத் தாண்டிய தளம் என்றால் நிம்மதி. இல்லாவிட்டால் மாடியில் தண்ணீர் கட்டி வைத்துச் சோதியுங்கள். ஜிப்சம் பலகை நனைந்தால் வலுவிழக்கும். அதைப் பிடித்துத் தொங்கும் ஸ்பீக்கரும் அதோடு இறங்கும்.

வயர் விஷயத்தில் சற்று நிற்கிறேன், ஏனென்றால் ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். செம்பு பூசிய அலுமினிய வயரைச் செம்பு வயர் என்றே விற்கிறார்கள். இழை ஒன்றைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். அடுத்தது கனம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 13 ஓம் மின்தடை இருக்கும். ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் 15 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 30 மீட்டர். அதாவது ஏறக்குறைய 0.4 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது 5 சதவீதம். அதற்குமேல் போகவிடக் கூடாது என்பது தொழிலில் கடைப்பிடிக்கும் அளவு. தூரம் இன்னும் கூடினால் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள். காலிங் பெல்லுக்குப் போடும் 0.5 வயரை இழுத்துவிட்டு, ஸ்பீக்கர் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை. வயருக்கு நடுவில் இணைப்பே இல்லாமல், ஆம்ப்ளிஃபயர் முதல் ஸ்பீக்கர் வரை ஒரே துண்டாக இழுப்பது உத்தமம்.

230 வோல்ட் மின்சாரம் போகும் பைப்பில் ஸ்பீக்கர் வயரை நுழைக்கவே கூடாது. இரைச்சல் வரும் என்பதைத்தான் பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் உயிர். எலி கடித்தோ சூட்டில் உருகியோ இரண்டு வயர்களின் உறையும் போய்விட்டால், பாட்டு வரும் வயரில் வீட்டு மின்சாரம் வந்து நிற்கும். இரண்டுக்கும் ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள். ஒன்றை ஒன்று கடந்தே ஆக வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும்.

ஒரே ஆம்ப்ளிஃபயரில் எத்தனை ஸ்பீக்கர் மாட்டலாம் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாக, அதாவது பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று சேர்த்தால் 4 ஓம். நான்கைச் சேர்த்தால் 2 ஓம். வீட்டு ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றின் பின்புறத்தில் 4 முதல் 8 ஓம் வரை, அல்லது 6 முதல் 8 ஓம் வரை என்று அச்சிட்டிருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் கருவி கொதிக்கும், அடிக்கடி அணைந்துபோகும், ஒருநாள் எரியும். நான்கு ஸ்பீக்கர் வேண்டும் என்றால் இரண்டிரண்டாகத் தொடரில், அதாவது ஒன்றின் மைனஸை அடுத்ததன் பிளஸ்ஸோடு சேர்த்து, அந்த இரண்டு ஜோடிகளை இணையாகச் சேர்த்தால் மறுபடியும் 8 ஓம் வந்துவிடும். கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் பார்க்கும் 100 வோல்ட் லைன் முறை வேறு. அதற்கு ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். வீட்டு ஸ்பீக்கரை அந்த லைனில் நேரடியாக மாட்டினால் கருகிவிடும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் ஏறுகிறோம்; மின்சாரம் இல்லை என்று நம்புகிறோம். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைவு. மெயினை அணைத்த அடுத்த நொடியே இன்வெர்ட்டர் தன் பேட்டரியிலிருந்து லைட்டுக்கும் ஃபேனுக்கும் அதே 230 வோல்ட்டை அனுப்பத் தொடங்கிவிடும். சீலிங்குக்கு மேலே ஓடுவதோ பெரும்பாலும் லைட், ஃபேன் வயர்கள்தான். ஆகவே மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணையுங்கள். இன்வெர்ட்டரிலிருந்து வெளியே போகும் லைனையும் துண்டியுங்கள். வேலை செய்யும் இடத்திலேயே டெஸ்டரை வைத்துப் பாருங்கள். அந்த டெஸ்டர் எரிகிறதா என்று முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஹெல்பராக வரும் பையன்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. வீட்டுக்காரர் கேட்டால் கட்டாயம் செய்வார்கள். தயவுசெய்து கேளுங்கள். மேஜைமேல் ஸ்டூலைப் போட்டு ஏறவும் விடாதீர்கள். பலகையை அறுக்கும்போது தூசி கண்ணிலும் மூச்சிலும் போகும். முகக்கவசமும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள்.

சீலிங் ஸ்பீக்கரின் ஓரத்தில் இருக்கும் பிடிகள் திருகினால் மடிந்து, பலகையைக் கவ்விக்கொள்ளும். பலகையின் கனம் வழக்கமாக 12.5 மில்லிமீட்டர். 2 கிலோ ஸ்பீக்கரை அது தாங்கும், ஆனால் மெஷினை வைத்து இறுக்கினால் ஜிப்சம் நொறுங்கிவிடும். கையால் திருகுங்கள். எடை கூடிய ஸ்பீக்கருக்குப் பின்னால் சட்டத்தோடு சேர்த்து ஒரு தாங்கி கொடுத்து, மெல்லிய எஃகுக் கயிற்றால் மேல்தளத்துக் கொக்கியோடு கட்டிவிட வேண்டும். கீழே குழந்தை படுத்திருக்கும் தொட்டில் இருக்கலாம்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்று ஏசி ஆட்களோடும் பேசுங்கள். ஏசி தண்ணீர்க் குழாய்க்கு அடியில் வைக்கக் கூடாது. ஃபேன் இறக்கைக்கு நேர் மேலே வைத்தால் ஒலி வெட்டி வெட்டிக் கேட்கும். சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி வையுங்கள். 9 அடி உயரச் சீலிங்கில் 90 பாகை விரியும் ஸ்பீக்கர், உட்கார்ந்திருப்பவர் காது மட்டத்தில் சுமார் 11 அடி அகலத்துக்கு ஒலியைப் பரப்பும். பெரிய ஹாலில் இரண்டை அலறவிடுவதற்குப் பதில் நான்கைக் குறைந்த சத்தத்தில் வைப்பது இதமாக இருக்கும். டிவி ஒலிக்கு மட்டும் இதை நம்பாதீர்கள். படம் எதிரே, குரல் தலைக்கு மேலே. போதாததற்கு டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் எதிரொலிக்கும். "பேசுவது ஒன்றும் விளங்கவில்லை, கண்ணு" என்று பாட்டிமார் சொல்வது காது மந்தத்தால் மட்டுமல்ல. டிவிக்குக் கீழே தனி ஸ்பீக்கர் ஒன்று இருக்கட்டும்.

பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கத்து ஓட்டு வீடுகளில் அடியில் சீலிங் போட்டு ஸ்பீக்கர் கேட்கிறார்கள். ஆடிக் காற்று ஓட்டு இடுக்கு வழியாக மண்ணை அள்ளிக் கொட்டும். எலியும் அணிலும் குடியிருக்கும். அங்கே பின்பக்கம் மூடிய ஸ்பீக்கர்தான் சரி. வயர் முழுவதும் பைப்புக்குள் போக வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் அதைத் துளைக்கவோ அறுக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு, புற்றுநோய்வரை கொண்டுபோகும்.

மாடியில் வேறு குடும்பம் இருந்தாலும் பின்பக்கம் மூடிய ஸ்பீக்கரே நல்லது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த வரம்பு.

பலகை அடிக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் அளவு நாடா தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இணைப்புப் பெட்டி இருக்கும் இடத்தில் திறந்து மூடும் கதவு ஒன்று விடச் சொல்லுங்கள். பிறகு ஆம்ப்ளிஃபயர் பக்கத்து வயர் முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரி செல்லை ஒரு கணம் தொட்டுப் பார்க்க வேண்டும். எல்லா ஸ்பீக்கரிலும் கூம்பு ஒரே பக்கம் அசைந்தால் பிளஸ், மைனஸ் சரியாக இருக்கிறது. ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் அசைந்தால் வயரை மாற்றிப் போடுங்கள். எல்லாவற்றையும் அரைமணி நேரம் பாடவிட்டு, ஆம்ப்ளிஃபயரைத் தொட்டுச் சூடு பார்த்த பிறகு பெயிண்டரை வரச் சொல்லுங்கள்.