டைலர் சில்டர்ஸை எனக்கு யார் சொன்னது?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஜானி கேஷ் பாட்டு நாலைந்து கேட்டேன். அடுத்த வாரமே செயலி டைலர் சில்டர்ஸ் என்று ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தியது. அந்தப் பெயரை நான் தேடியதும் இல்லை, யாரிடமும் பேசியதும் இல்லை. கேட்டால் அவ்வளவு பிடித்துவிட்டது. போன் ஒட்டுக் கேட்கிறதா?"

பாட்டு சொல்வதற்கு ஒட்டுக் கேட்கத் தேவையே இல்லை. இன்னும் வேடிக்கை, இவர்கள் இருவரின் கன்ட்ரி இசை, அதாவது அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த அந்தப் பாட்டுவகை, என்னவென்றுகூட அந்த இயந்திரத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. கென்டக்கி மலைப்பக்கம், பாஞ்சோ, ஃபிடில், குடிகாரன் புலம்பல், லாரி ஓட்டுநர் தனிமை, எதுவும் தெரியாமலே அது உங்களுக்குச் சரியான பாடகரைச் சொல்லிவிடும்.

பாட்டின் தன்மையை அறிந்து சொல்லும் வழியும் உண்டு. 2000-இல் தொடங்கி, பிற்பாடு பண்டோரா என்று பெயர்பெற்ற அமெரிக்க இணைய வானொலி நிறுவனம் இசை பயின்றவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு பாட்டையும் கேட்கச் சொன்னது. குரல் எப்படி, தாளம் எப்படி, ஸ்டீல் கிட்டார் உண்டா என்று 450 வரை கூறுகளைக் குறித்தார்கள். நல்ல வேலைதான், ஆனால் ஆள்பலம் தின்னும்.

இன்னொரு வழி கேட்பவர்களைப் பார்ப்பது. 1994-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ரிங்கோ என்று ஒன்று செய்தார்கள். பாடகர்களுக்கு மதிப்பெண் போட்டு மின்னஞ்சல் அனுப்பினால், உங்களைப் போலவே மதிப்பெண் போட்டவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் ரசித்த, நீங்கள் கேட்டிராத பெயர்களைத் திருப்பி அனுப்பும். "மின்னஞ்சலில் பாட்டு சொல்லப்போகிறேன், நிதி தாருங்கள்" என்று ஒரு மாணவர் நம் ஊர் நிதிக்குழு முன் போய் நின்றால் என்ன பதில் வந்திருக்கும்? இன்று ஒரு பெரும் தொழிலே அந்த யோசனையின் மேல் நிற்கிறது. உடனடிப் பயன் என்ன என்ற கேள்வியோடு ஆராய்ச்சியை வடிகட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

2006-இல் நெட்ஃப்ளிக்ஸ் ஒரு போட்டி வைத்தது. எங்கள் பரிந்துரையை 10 சதவீதம் மேம்படுத்துங்கள், 10 லட்சம் டாலர் தருகிறோம் என்றது. கொடுத்த தரவில் சுமார் 4,80,000 பேர், 17,770 படங்கள். ஆளுக்கு ஒரு வரிசை, படத்துக்கு ஒரு நிரல் என்று அட்டவணை போட்டால் ஏறத்தாழ 850 கோடி கட்டங்கள். ஆட்கள் படங்களுக்குப் போட்ட நட்சத்திர மதிப்பெண்ணால் நிரம்பியிருந்தது 10 கோடி, அதாவது நூற்றில் ஒன்றைவிடச் சற்றே அதிகம். மிச்சமெல்லாம் காலி. அந்தக் காலிக் கட்டங்களை ஊகிப்பதுதான் பரிந்துரை.

அந்த டிசம்பரில் சைமன் ஃபங்க் என்ற புனைபெயரில் போட்டியிட்ட ஒருவர், பரிசுக்கான பட்டியலில் மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தபோதே தன் முறையை எல்லோருக்கும் எழுதிக் காட்டிவிட்டார். அதன் சாரம் இரண்டே வரிக் கணினிக் கட்டளை. ஆளுக்குச் சில எண்கள், படத்துக்குச் சில எண்கள். இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் விருப்பம் வரவேண்டும், அவ்வளவே.

பாட்டுக்கு மாற்றிப் பார்ப்போம். உதாரணத்துக்கு நானே போடும் எண்கள் இவை. ஆளுக்கு இரண்டு எண்: நம் வாசகர் (0.2, 0.8). இன்னொரு கன்ட்ரி பாடகரான லூக் பிரையன் (0.9, 0.2), டைலர் சில்டர்ஸ் (0.1, 0.9). வாசகருக்கு லூக் பிரையன் பிடிக்குமா? 0.2-ஐ 0.9-ஆலும் 0.8-ஐ 0.2-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 0.34. சில்டர்ஸுக்கு 0.74. எனவே சில்டர்ஸைக் காட்டு.

இந்த எண்களை யார் போட்டது? யாரும் இல்லை. தொடக்கத்தில் எல்லாம் வாய்க்கு வந்த எண்கள். அப்புறம் நடப்பதுதான் அழகு. 0.74 என்று நம்பிக் காட்டியதை வாசகர் பத்து நொடியில் தள்ளிவிட்டார் என்று வையுங்கள். உண்மை மதிப்பு 0, பிழை 0.74. அந்தப் பிழையில் பத்தில் ஒரு பங்கை எடுத்து, சில்டர்ஸின் எண்ணால் பெருக்கி வாசகரின் எண்ணில் கழி. வாசகரின் பழைய எண்ணால் பெருக்கி சில்டர்ஸின் எண்ணில் கழி. வாசகரின் 0.8 இப்போது 0.73, சில்டர்ஸின் 0.9 இப்போது 0.84. மறுபடி பெருக்கிக் கூட்டினால் 0.63. தவறு கொஞ்சம் குறைந்துவிட்டது. இதையே கோடிக்கணக்கான கட்டங்களில், திரும்பத் திரும்ப.

கடைசியில் எண்கள் ஒரு நிலைக்கு வந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தால், முதல் எண் பெரிதாக இருப்பவர்கள் கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில் நகரத்துப் பளபளப்புக்காரர்களாகவும், இரண்டாவது எண் பெரிதாக இருப்பவர்கள் ஃபிடிலும் பாஞ்சோவுமாக மலைப்பக்கப் பாட்டு பாடுபவர்களாகவும் தாமாகவே பிரிந்து நிற்கக்கூடும். யாரும் பெயர் சொல்லித் தரவில்லை. ஒரு பாட்டின் ஒலியைக்கூட இயந்திரம் கேட்கவில்லை. தப்பைத் திருத்தித் திருத்தியே ரசனையின் திசைகள் கிடைத்துவிட்டன.

செயலி என் மனதைப் படிக்கிறது என்று மயங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு ஜாதகப் பொருத்தம்தான் நினைவுக்கு வரும். அங்கும் அட்டவணை, அங்கும் எண்கள். என்ன, பத்துக்கு ஒன்பது பொருந்திய கல்யாணம் முறிந்தால் ஜோசியர் அட்டவணையைத் திருத்துவதில்லை.

பாட்டுச் செயலியில் நட்சத்திர மதிப்பெண் கிடையாது. முழுதும் கேட்டாரா, தள்ளினாரா, சேமித்தாரா, தன் பட்டியலில் சேர்த்தாரா என்பதே மதிப்பெண். அதனால் நேற்று வெளியான, யாருமே கேட்காத பாட்டுக்கு எண்ணே இருக்காது. இதற்கு 2013-இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வழி சொன்னார்கள்: பிரபலமான பாட்டுகளின் ஒலியைக் கொடுத்து, மேலே சொன்ன எண்களை ஊகிக்க ஒரு நரம்பு வலையை (உதாரணங்களிலிருந்து கற்கும் கணினி நிரல்) பழக்கு, பிறகு புதுப் பாட்டைக் கொடு. அவர்களில் ஒருவரான சாண்டர் டீலமன் அடுத்த ஆண்டே ஸ்பாட்டிஃபையில் பயிற்சி மாணவராக இதைத் தொடர்ந்தார்.

ஆனால் அட்டவணையில் இருப்பது மனிதர்களின் பழக்கம், கூடவே அதில் கலந்த குப்பையும். 2015-இல் கீத் ஹில் என்ற வானொலி ஆலோசகர், கன்ட்ரி நிலையங்கள் நேயர்களைத் தக்கவைக்க வேண்டுமானால் பெண்கள் பாட்டைக் குறைக்கவேண்டும் என்றார். ஆண்கள் சாலட்டின் கீரையாம், பெண்கள் மேலே போடும் தக்காளியாம். பெரிய சண்டையே நடந்தது. 2019-இல் பாடகி மார்ட்டினா மெக்பிரைட் ஸ்பாட்டிஃபையில் கன்ட்ரி இசை என்று தலைப்பிட்டுப் பட்டியல் தொடங்கினார். செயலி பரிந்துரைத்த பாட்டுகளைப் பதினான்கு முறை புதுப்பித்த பிறகே ஒரு பெண் குரல் வந்தது, அதுவரை வந்தவர்கள் ஆண்களே. வானொலி பல ஆண்டுகளாகப் பழக்கிய காதுகள் போடும் பட்டியல்களிலிருந்து கற்கும் இயந்திரம் வேறு எதைச் சொல்லும்? அது சொன்னதையே மக்கள் கேட்பார்கள், அதையே அது மறுபடி கற்கும். "இயந்திரத்துக்குப் பாரபட்சம் கிடையாது" என்ற பேச்சை நான் மூடநம்பிக்கைக் கணக்கில்தான் எழுதுவேன்.

வாசகருக்கு என் பரிந்துரை: பாடலை எழுதியவரைத் தேடுங்கள். மேலே பார்த்த அட்டவணையில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது. நாஷ்விலில் பாடுபவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர் என்பது சகஜம். கிறிஸ் ஸ்டேபிள்டன் 2015-இல் புகழ்பெறும் முன்பே பல ஆண்டுகள் மற்றவர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். டிம் மெக்ராவுக்கும் லிட்டில் பிக் டவுன் குழுவுக்கும் பெரிய வெற்றிகளை எழுதியவர்களில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த லோரி மெக்கென்னா ஒருவர். அவரே பாடிய தொகுப்புகளும் இருக்கின்றன. கேட்ட பிறகு அடுத்த வாரம் செயலி என்ன காட்டுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.