டோக்கியோல வீடு தேடுறீங்களா, முதல்ல யூஆர்ங்கற அரசு அமைப்போட வாடகை வீட்ட பாத்துருங்க

டோக்கியோக்கு புதுசா வர்றவங்க எல்லாரும் மாச வாடகைய மட்டும் பாத்துட்டு 'பரவால்ல, கட்டிரலாம்'னு கணக்கு போடுவாங்க. ஆனா இங்க ஆள சாய்க்கிறது மாச வாடகை இல்ல, உள்ள நுழையுறதுக்கு கட்டுற காசுதான். தனியார் வீடு 90,000 யென் வாடகைன்னு வச்சுக்கோங்க. ஷிகிகின் (நம்ம ஊரு அட்வான்ஸ் மாதிரி) ஒரு மாசம், ரெய்கின்னு ஓனருக்கு 'வீடு குடுத்ததுக்கு நன்றி'ன்னு ஒரு மாசம், புரோக்கர் கமிஷன் வரியோட 99,000, நாம வாடகை கட்டலன்னா ஓனருக்கு பொறுப்பேத்துக்குற கேரண்டி கம்பெனிக்கு அரை மாசம் 45,000, முதல் மாச வாடகை, எல்லாம் சேத்தா 4 லட்சத்து 14 ஆயிரம் யென், இதுக்கு மேல பூட்டு மாத்த, தீ இன்சூரன்ஸுக்குன்னு தனியா ஒரு பில் வரும். இதுல ரெய்கின், கமிஷன், கேரண்டி மூணும் போனது போனதுதான், 2 லட்சத்து 34 ஆயிரம். பல வீட்டுல 2 வருஷத்துக்கு ஒருக்கா ரினீவல்னு இன்னொரு மாச வாடகை வேற கேப்பாங்க.

காசு இருந்தாலும் வீடு கிடைக்குமான்னா அதுவும் சந்தேகம். 2017ல ஜப்பான் நீதி அமைச்சகம் வெளிநாட்டுக்காரங்ககிட்ட எடுத்த சர்வே வெளிவந்துச்சு, வீடு தேடுனவங்கள்ல 100க்கு கிட்டத்தட்ட 40 பேர் 'வெளிநாட்டுக்காரர்'ங்கற காரணத்துக்காகவே மறுக்கப்பட்டிருக்காங்க. எனக்கும் நடந்துச்சு. புரோக்கர் பையன் ரொம்ப மரியாதையா டீ குடுத்து உக்கார வச்சுட்டு, என் முன்னாடியே ஓனருக்கு போன் போட்டு 'கைகோகுஜின் தேசு கா...' (வெளிநாட்டுக்காரர்தான், ஆனா...)ன்னு இழுப்பான், ரெண்டு செகண்ட் சத்தமே இருக்காது, அப்புறம் தலைய குனிஞ்சு 'ஸுமிமாசேன்' (மன்னிச்சுருங்க). ஒரே மதியத்துல இப்படி 4 வீடு போச்சு.

இந்த ரெண்டு தலைவலிக்கும் மருந்துதான் யூஆர். முழுப்பேரு அர்பன் ரெனைசான்ஸ் ஏஜென்சி, அரசாங்கத்தோட அமைப்பு, 2004ல இந்தப் பேருக்கு வந்துச்சு, ஆனா இதோட வேர் 1955ல ஆரம்பிச்ச வீட்டுவசதி கழகம். நாடு முழுக்க 7 லட்சம் வீடு பக்கத்துல வச்சிருக்காங்க. ரெய்கின் கிடையாது, கமிஷன் கிடையாது, ரினீவல் காசு கிடையாது, கேரண்டி ஆளும் வேணாம். 2 மாச ஷிகிகின், அந்த மாசத்துல மிச்சம் இருக்குற நாளுக்கு வாடகை, பொதுச்செலவு, அவ்ளோதான். அதே 90,000 வீட்டுக்கு ஷிகிகின் 1 லட்சத்து 80 ஆயிரம், அதுவும் காலி பண்றப்ப ரிப்பேர் செலவு ஏதும் இருந்தா கழிச்சுட்டு கைக்கு வந்துரும்.

யாருக்கு குடுப்பாங்கன்னா, 3 மாசத்துக்கு மேல தங்குற விசால ரெசிடென்ஸ் கார்டு வச்சிருக்கவங்க, பெர்மனன்ட் ரெசிடென்ட் எல்லாருமே அப்ளை பண்ணலாம். டூரிஸ்ட் விசால வந்தவங்களுக்கு இல்ல. பாஸ்போர்ட் எந்த நாடுன்னு பாத்து மறுக்க மாட்டாங்க, வருமானத்ததான் பாப்பாங்க, அதுல கறார். தனியாள்னா வாடகை 62,500க்கு கீழ இருந்தா அதுல 4 மடங்கு மாச வருமானம், 62,500ல இருந்து 2 லட்சத்துக்குள்ளன்னா 2 லட்சத்து 50 ஆயிரம் இருக்கணும். குடும்பமா வந்தா வாடகை 82,500க்கு கீழ 4 மடங்கு, அதுக்கு மேல 2 லட்சம் வரைக்கும் 3 லட்சத்து 30 ஆயிரம். கைக்கு வர்ற சம்பளம் இல்லங்க, வரி புடிக்கிறதுக்கு முன்னாடி போனஸும் சேத்து வருஷ வருமானத்த 12ஆல வகுத்தது. இந்த இடத்துல தப்பா கணக்கு போட்டு 'நமக்கு ஆகாது'ன்னு திரும்பிப் போனவங்கள நானே பாத்திருக்கேன். வருமானம் பத்தலன்னா வாடகைல 100 மடங்கு சேமிப்பு காட்டலாம் (90 லட்சம் யென், யாருகிட்ட இருக்கு!), இல்லன்னா ஒரு வருஷ வாடகையவே முன்கூட்டி மொத்தமா கட்டிட்டு உள்ள போகலாம்.

ரூம்மேட்டோட சேந்து எடுக்கறதுக்கும் ஹவுஸ் ஷேரிங்னு வழி இருக்கு, ஆனா ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், வாடகைக்கு ரெண்டு பேரும் பொறுப்பு. 35 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு, சின்னப் பசங்க இருக்குற குடும்பத்துக்குன்னு சில வீட்டுல வாடகைய குறைச்சு தர்றாங்க, அது 3 வருஷ கான்ட்ராக்ட், முடிஞ்சா தானா நீளாதுங்கறத மறந்துராதீங்க.

டோக்கியோவோட எதோகாவா வார்டுல நிஷி-கசாய் பக்கம் இவ்ளோ இந்தியக்காரங்க எப்படி வந்தாங்கன்னு கேப்பாங்க, 2000 வாக்குல ஒய்-டூ-கே (2000ம் வருஷம் பொறக்கறப்ப கம்ப்யூட்டர்ல வந்த தேதிக் குழப்பம்) வேலைக்கு வந்த சாஃப்ட்வேர்காரங்களுக்கு கேரண்டி கேக்காம வீடு குடுத்தது இந்த மாதிரி குடியிருப்புங்கதான். ஸ்டேஷன் பக்கத்துலயே கொஜிமாச்சோ 2-ச்சோமே தான்ச்சின்னு ஒரு யூஆர் குடியிருப்பு இருக்கு, தோசாய் லைன் மெட்ரோல ஏறுனா ஆபீஸுங்க நிறைஞ்ச ஓத்தேமாச்சிக்கு வண்டி மாற வேண்டாம்.

குறையும் சொல்லணும்ல. யூஆர்தான் எல்லாத்துலயும் மலிவுன்னு இல்ல, மாச வாடகைய மட்டும் வச்சுப் பாத்தா அதே ஏரியால தனியார் வீடு சில சமயம் கம்மியாவே இருக்கும். ரொம்ப மலிவா இருக்குற யூஆர் வீடு பல சமயம் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்துல 5வது மாடியா இருக்கும், அரிசி மூட்டை தூக்குறப்ப தெரியும். முதல்ல வந்தவங்களுக்கே வீடு, நல்லது ஒண்ணு வெப்சைட்ல காலின்னு வந்தா அன்னிக்கே புக் பண்ணனும், பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டு நாளைக்கு சொல்றேன்னா போயிரும். அப்புறம் உள்ள ஒண்ணுமே இருக்காது. நான் சாவி வாங்கிட்டு சாயந்திரம் 6 மணிக்கு போனேன், கூரைல பிளக் மாட்ற பிளாஸ்டிக் வட்டம் மட்டும் இருக்கு, பல்பு இல்ல, போன் டார்ச் வெளிச்சத்துலதான் முதல் ராத்திரி பன்னு தின்னது. கேஸ் அடுப்பும் நம்மதான் வாங்கணும், வாங்குறப்ப சிட்டி கேஸா (குழாய்ல வர்றது) எல்பி கேஸா (சிலிண்டர்ல வர்றது)ன்னு கேட்டுட்டு வாங்குங்க, ஒண்ணுக்கு வாங்குனது இன்னொண்ணுக்கு ஆகாது. கேஸ் இணைப்பு குடுக்க ஆள் வர்றப்ப நீங்க வீட்டுல இருக்கணும், முன்னாடியே நாள் சொல்லி வைங்க, இல்லன்னா பச்சத்தண்ணிதான்.

சம்பளம் கம்மியா இருக்கவங்களுக்கு தோஏய்னு டோக்கியோ அரசோட வீடு இருக்கு, வருமானத்துக்கு ஏத்த வாடகை, வெளிநாட்டுக்காரங்களும் போடலாம், ஆனா பெரும்பாலும் குலுக்கல், தனியாளுக்கு 60 வயசுக்கு கீழன்னா ரொம்ப கஷ்டம். ஜேகேகேன்னு டோக்கியோவோட இன்னொரு அமைப்பும் யூஆர் மாதிரியே ரெய்கின், கமிஷன், ரினீவல் இல்லாம குடுக்குது, அதையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க.

கடைசியா ஷிகிகின் திரும்ப வாங்குற கதை. 2020 ஏப்ரல்ல அமலுக்கு வந்த சிவில் சட்டத் திருத்தத்துல, வெயில்ல வெளுத்த சுவர், சும்மா புழங்குனதுல ஆன தேய்மானம் எல்லாம் வாடகைக்கு இருந்தவர் தலைல இல்லன்னு தெளிவா எழுதிட்டாங்க. வால்பேப்பருக்கு 6 வருஷம் ஆனா மதிப்பு 1 யென்னுனு அரசாங்க வழிகாட்டியே சொல்லுது. ஆனா துடைக்காம விட்ட எண்ணெய்ப் பிசுக்கு நம்ம கணக்குலதான் வரும், அதனால தினமும் கடுகு தாளிக்கிறவங்க அடுப்புக்குப் பின்னாடி 100 யென் கடைல விக்கிற அலுமினிய தகடு ஒண்ணு நிறுத்திருங்க. சாவி வாங்குன அன்னிக்கே, டார்ச் வெளிச்சமா இருந்தாலும், மூலை மூலையா போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.