கரண்ட் இல்லை என்று தெரியும், ஆனாலும் கை சுவிட்சுக்குப் போகும்

கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகிறது. வீடு முழுக்க இருட்டு. டார்ச்சைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த அறைக்குப் போகிறோம். வாசலைத் தாண்டும்போதே இன்னொரு கை நீண்டு சுவிட்சைத் தட்டிவிடுகிறது. விளக்கு எரியாது என்று தெரியாதா? நன்றாகவே தெரியும். டார்ச்சை எடுத்ததே அதனால்தான். நமக்குத் தெரியும், கைக்குத்தான் தெரியாது.

பழக்கத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்தச் சின்னத் தடுமாற்றத்திலேயே இருக்கிறது. உடற்பயிற்சி நல்லது, ராத்திரி வெகுநேரம் போன் பார்ப்பது கெடுதல், இனிப்பைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. தெரிந்தும் செய்ய முடியாமல், எனக்கு மன உறுதி போதாது என்று தன்னையே திட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். அந்தத் திட்டு அநியாயம் என்று நினைக்கிறேன். விஷயங்களைத் தெரிந்துகொள்கிற வேலையை மூளையின் ஒரு பகுதி பார்க்கிறது, பழகிக்கொள்கிற வேலையை இன்னொரு பகுதி பார்க்கிறது. முதல் பகுதிக்குச் சொல்லும் புத்திமதி இரண்டாவது பகுதியின் காதில் விழுவதே இல்லை.

இது இரண்டும் வேறு வேறு என்பதைக் காட்டிய ஒருவர் உண்டு. ஆய்வுகளில் அவரை இ.பி. என்ற முதலெழுத்துகளால் குறிப்பிடுவார்கள். 1992-ல் ஒரு வைரஸ் அவருடைய மூளையைத் தாக்கியதில் நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் அதைச் சுற்றியிருந்த பகுதிகளும் அழிந்துபோயின. அதற்குப் பிறகு புதிதாக எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. அமெரிக்காவின் சான் டியகோவில் நினைவாற்றலை ஆராய்ந்த லாரி ஸ்குவயரின் குழு அவருக்கு ஒரு எளிய பயிற்சி கொடுத்தது. மொத்தம் 8 ஜோடிப் பொருள்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று மட்டும் எப்போதும் 'சரி'. இரண்டையும் முன்னால் வைப்பார்கள், அவர் ஒன்றை எடுக்க வேண்டும், எடுத்தது சரியா தவறா என்று உடனே தெரிந்துவிடும். வாரக்கணக்கில் இதையே செய்தார்கள். ஒவ்வொரு முறையும் இ.பி.க்கு அது புதுச் சோதனைதான், முன்பு செய்த ஞாபகமே கிடையாது. ஆனாலும் வாரம் போகப்போக அவர் சரியான பொருளை எடுப்பது ஏறிக்கொண்டே வந்தது. எப்படித் தெரிகிறது என்று கேட்டபோது தலையைக் காட்டி, எப்படியோ இங்கே இருக்கிறது, கை அதற்குப் போய்விடுகிறது என்ற பொருளில் சொன்னாராம். 2005-ல் வெளிவந்த அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம். எல்லாப் பொருள்களையும் ஒன்றாகப் பரப்பி, சரியானவற்றைத் தனியாகப் பிரிக்கச் சொன்னார்கள். அவரால் முடியவில்லை. அத்தனை வாரம் கற்றது அந்த ஒரு அமைப்போடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கலைத்ததும் காணாமல் போய்விட்டது.

நினைவுப் பகுதி அழிந்தவரின் கைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? மூளையின் நடுவே ஆழத்தில் பேசல் கேங்லியா என்ற நரம்புத் தொகுதி இருக்கிறது. அதன் முக்கியப் பகுதி ஸ்ட்ரையாட்டம். பழக்கங்கள் உருவாவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆன் கிரேபியல் என்ற மூளை ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்து வந்தார். 'டி' வடிவப் பாதையில் எலிகளை ஓடவிட்டு, சரியான பக்கம் திரும்பினால் சாக்லேட் போன்ற பரிசு கொடுத்து, அவை ஓடும்போது ஸ்ட்ரையாட்டத்தில் நரம்பணுக்கள் எப்போது இயங்குகின்றன என்று பதிவு செய்தார்கள். முதல் நாள்களில் பாதை முழுக்க ஒரே பரபரப்பு. நன்றாகப் பழகிய பிறகு ஓட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு துடிப்பு, முடியும் இடத்தில் ஒரு துடிப்பு, நடுவில் பெரும்பாலும் அமைதி. வரிசையான பல அசைவுகளை மூளை ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டது. பொட்டலத்தின் இரண்டு முனையிலும் முடிச்சு.

இன்று காலை பல் தேய்க்கும்போது எந்தப் பக்கத்தில் ஆரம்பித்தீர்கள் என்று கேட்டால் சொல்ல முடியுமா? பேஸ்ட்டைத் திறந்தது, பிரஷ்ஷை நனைத்தது, மூடியை எங்கே வைத்தது எதுவும் நினைவில் இருக்காது. ஆனால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். அந்த மூன்று நிமிடமும் மனம் அன்றைய வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கும். உண்மையில் இது ஒரு பெரிய வசதி. ஒவ்வொரு அசைவையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும் என்றால் குளித்து உடுத்துவதற்குள் களைத்துப் போய்விடுவோம். பழக்கத்தைப் பற்றி நிறைய ஆய்வு செய்த வெண்டி வுட், 2002-ல் மாணவர்களிடம் மணிக்கொரு முறை குறிப்பு எழுதி வாங்கினார். செய்யும் காரியங்களில் சுமார் 43 சதவீதம், ஏறக்குறைய தினமும் அதே இடத்தில் செய்பவையாக இருந்தன. பெரும்பாலும் வேறு எதையோ நினைத்துக்கொண்டே செய்தவை.

பொட்டலத்தின் முதல் முடிச்சை அவிழ்ப்பது எது? அங்கேதான் டோபமைன் வருகிறது. டோபமைன் என்றால் சந்தோஷம் தரும் ரசாயனம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள், அது பாதி உண்மைகூட இல்லை. 1990-களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆராய்ச்சியாளர் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், எதிர்பாராமல் ஒரு சொட்டு ஜூஸ் கிடைத்தபோது டோபமைனைச் சுரக்கும் நரம்பணுக்கள் துள்ளின. விளக்கு எரிந்தால் ஜூஸ் வரும் என்று குரங்கு பழகிய பிறகு, துள்ளல் ஜூஸிலிருந்து விளக்குக்கு நகர்ந்துவிட்டது. ஜூஸ் வரும்போது ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு எரிந்தும் ஜூஸ் வராவிட்டால், அது வரவேண்டிய நேரத்தில் அணுக்கள் வழக்கத்தைவிடவும் அடங்கிப்போயின. அதாவது, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை டோபமைன் அளக்கிறது. போன் 'டிங்' என்றதும் உள்ளே ஒன்று இழுக்கிறதே, அது வந்த செய்தியின் இன்பம் இல்லை. இன்னும் படிக்கவே இல்லையே. குரங்குக்கு விளக்கு எப்படியோ நமக்கு அந்த ஒலி அப்படி.

நல்ல பழக்கங்கள் ஏன் ஒட்ட மாட்டேன் என்கின்றன என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நடையின் பலன் மாதக்கணக்கில் வருவது, ஆனால் இந்தக் கணக்கு நொடிகளில் நடப்பது. ஆகவே நடக்கும்போதே ஏதாவது ஒன்று பிடித்திருக்க வேண்டும். பிடித்த நண்பரோடு நடக்கலாம், நடக்கும்போது மட்டும் கேட்பதற்கு என்று சில பாட்டுகளை வைத்துக்கொள்ளலாம். இது சோம்பேறிக்குக் காட்டும் சலுகை இல்லை, மூளை கேட்கிற விலை.

பழக்கம் இடத்தோடு எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு 2011-ல் வெளிவந்த ஒரு பாப்கார்ன் ஆய்வை நான் எல்லோரிடமும் சொல்வேன். டேவிட் நீல், வெண்டி வுட் குழுவினர் தியேட்டருக்கு வந்தவர்களில் சிலருக்குப் புதிய பாப்கார்னும் சிலருக்கு ஒரு வாரம் முன்பு பொரித்த நமத்துப்போன பாப்கார்னும் கொடுத்தார்கள். தியேட்டரில் பாப்கார்ன் சாப்பிடும் வழக்கமில்லாதவர்கள் நமத்ததைக் குறைவாகத்தான் தொட்டார்கள். வழக்கமுள்ளவர்களோ நன்றாக இல்லை என்று சொன்னார்கள், ஆனால் புதியதைச் சாப்பிட்ட அளவுக்கு அதையும் சாப்பிட்டு முடித்தார்கள். அதே மாதிரி ஆள்களை ஒரு கூட்ட அறையில் உட்காரவைத்து இசைக் காணொளி போட்டபோது வழக்கமுள்ளவர்களும் நமத்த பாப்கார்னைக் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள். இன்னொரு முறை தியேட்டரிலேயே, வழக்கமில்லாத கையால் எடுத்துச் சாப்பிடச் சொன்னார்கள். அப்போதும் நமத்ததைக் குறைத்துக்கொண்டார்கள். கை மாறியதும் பொட்டலம் அவிழவில்லை, நாக்கு சொல்வது மனதுக்குக் கேட்டது.

இதைவிடக் கனமான சாட்சியும் உண்டு. வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970-களில் தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் போதைக்கு அடிமையானதாகச் சொன்னார். அப்படிச் சொன்னவர்களில் ஊருக்குத் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம் மட்டுமே. இதற்கு வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன, ஆனால் சூழல் முற்றிலும் மாறியது பெரிய காரணம். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குடி, போதை மருந்து போன்றவற்றை இடம் மாற்றியே விட்டுவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நீண்ட நாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

சரி, புதுப் பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதினார். அந்தக் 'குறைந்தது' வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது, முகமும் உதிர்ந்துவிட்டது, எண் மட்டும் மிஞ்சியது.

லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் இதை ஒழுங்காக அளந்து பார்த்தார்கள். 96 பேர், ஆளுக்கு ஒரு புதுக் காரியம், அதை தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் செய்ய வேண்டும். காலை உணவோடு ஒரு டம்ளர் தண்ணீர், இரவு உணவுக்கு முன் கொஞ்சம் ஓட்டம், இப்படி. யோசிக்காமலே செய்ய வந்ததா என்று 84 நாளும் குறித்துக்கொண்டே வந்தார்கள். யோசிக்காமல் செய்யும் தன்மை அதன் உச்சத்தை நெருங்க ஆன நாள்களில் நடு எண் 66. ஆனால் ஆளுக்கு ஆள், காரியத்துக்குக் காரியம் வித்தியாசம் மிகப் பெரியது. ஒருவருக்கு 18 நாளில் படிந்துவிட்டது. இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று அவருடைய வரைகோட்டை நீட்டிக் கணக்கிட வேண்டியிருந்தது. உடற்பயிற்சிக்கு, உண்பது குடிப்பதைவிட ஒன்றரை மடங்கு நாள் பிடித்தது.

அந்த ஆய்வில் ஆறுதலான விஷயம் ஒன்று உண்டு, இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் வளர்ச்சியில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை. ஒரு நாள் தவறிவிட்டால் மொத்தமும் போச்சு என்று கைவிடுகிறோமே, அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இன்னொன்று, வரைகோடு முதலில் வேகமாக ஏறி அப்புறம் மெதுவாகிறது. தொடக்கத்தில் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் மதிப்பு அதிகம். ஆக, முதல் சில வாரங்களுக்கு அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஐந்து நிமிடம் நடந்தாலும் சரி, அதே நேரத்தில் அதே இடத்திலிருந்து கிளம்பினால் போதும்.

கிளம்பும் அந்த இடத்தை முன்கூட்டியே முடிவு செய்வதில்தான் சூட்சுமம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் வலியுறுத்தியது இதையே. 'இனி நடக்க வேண்டும்' என்பதை, 'வேலையிலிருந்து வந்ததும், ஷூவைக் கழற்றும் முன் தெருமுனை வரை போய் வருவேன்' என்று மாற்றுவது. 2002-ல் இங்கிலாந்தில் 248 பேரிடம் இதைச் சோதித்தார்கள். உடற்பயிற்சி செய்தால் இதயத்துக்கு என்ன நன்மை என்று ஊக்கமாக எடுத்துச் சொன்ன குழுவில், அந்த வாரம் உடற்பயிற்சி செய்தவர்கள் 35 சதவீதம். ஒன்றும் சொல்லாத குழுவில் 38. அதே ஊக்கத்தோடு எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே என்று எழுதி வைத்த குழுவில் 91. பிந்தைய ஆய்வுகளில் வித்தியாசம் எப்போதும் இவ்வளவு பெரிதாக வருவதில்லை, ஆனாலும் வருகிறது. புத்திமதி கேட்டவர்களும் கேட்காதவர்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றதைப் பாருங்கள். நாம் பிள்ளைகளுக்கும் நமக்கும் சொல்லிக்கொண்டே இருப்பது அந்த 35-தானே.

பழைய பழக்கம் என்ன ஆகிறது? அழிவதில்லை. பாவ்லோவின் நாய்கள் மணிச் சத்தம் போன்ற அறிகுறிக்கு எச்சில் ஊறுவதை ஒருகட்டத்தில் நிறுத்திவிட்டாலும், கொஞ்சம் ஓய்வு கொடுத்து மறுபடி கேட்கவைத்தால் எச்சில் திரும்ப ஊறியது. பழையதின் மேல் புதியது ஒரு படலமாகப் படிகிறது, அவ்வளவுதான். களைப்பிலும் மன அழுத்தத்திலும் அந்தப் படலம் விலகிக்கொள்ளும். 2009-ல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில், சிலரை ஐஸ் தண்ணீரில் கையை வைத்திருக்கச் சொல்லி அழுத்தம் உண்டாக்கினார்கள். ஓர் உணவு வயிறு நிறைந்து வெறுத்துப்போன பிறகும், அதைத் தரும் பழகிய தேர்வையே அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். பரீட்சை நேரத்திலும் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாத நேரத்திலும் பழைய பழக்கம் எட்டிப்பார்த்தால், அது குணக்கேடு இல்லை.

என் தொல்லை, கண் விழித்ததும் போன். கட்டிலின் தலைமாட்டில்தான் சார்ஜர். கண்ணைத் திறக்கும் முன்பே கை எடுத்துவிடும், அரை மணி நேரம் போய்விடும், எழுந்திருக்கும்போதே தலை கனக்கும். பார்க்கக் கூடாது என்று எத்தனையோ இரவு முடிவு செய்திருக்கிறேன். கடைசியில் முடிவு செய்வதை விட்டுவிட்டு, சார்ஜரைக் கழற்றி ஹாலில் மாட்டினேன். தலைமாட்டில் தண்ணீர் பாட்டில் வைத்தேன். முதல் ஒரு வாரம் கை வெறும் மேசையைத் துழாவி, பாட்டிலில் இடித்துத் திரும்பியது. இடித்ததும் ஒரு வாய் குடிப்பேன். மூன்று மாதம் போனபோது கை நேராக பாட்டிலுக்குப் போனது, நான் கவனித்தது அதற்கும் பிறகுதான்.

அப்புறம் ஒரு முறை உறவினர் வீட்டில் தங்கினேன். கட்டிலுக்குப் பக்கத்திலேயே பிளக் பாயின்ட் இருந்தது, யோசிக்காமல் போனைச் செருகிவிட்டுப் படுத்தேன். விடிந்தபோது போன் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. அன்று இரவு படுக்கும் முன் அத்தையிடம் கேட்டேன், "ஹால்ல சார்ஜ் போட எங்கயாவது இடம் இருக்கா?"