முந்திக்கொள்ளும் கோஸ் புழு

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் முட்டைக்கோஸ் பயிரிடும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "கடுகும் முள்ளங்கியும் கோஸும் ஒரே குடும்பம் என்றும், அவற்றின் காரம் பூச்சிகளிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்வதற்கானது என்றும் படித்தேன். அப்படியானால் எங்கள் கோஸை மட்டும் புழு எப்படிச் சல்லடையாக்குகிறது?" நியாயமான கேள்வி. அந்தக் காரம் எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் விடையும் கிடைத்துவிடும்.

அவர் குறிப்பிடுவது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள பச்சைப் புழு; தொட்டால் துடித்துப் பின்வாங்கி, நூல் விட்டுத் தொங்கும். இலையின் அடிப்புறத்தைச் சுரண்டித் தின்று மேல்தோலை மட்டும் விட்டுவைப்பதால், இலையில் கண்ணாடித்தாள் ஒட்டியது போன்ற வெண்திட்டுகள் தெரியும்.

முழுக் கடுகை விழுங்கினால் காரம் தெரிவதில்லை. தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறுகிறது. எண்ணெயில் வெடித்த கடுகிலோ அந்த நெடி இல்லை. காரப்பொருள் கடுகுக்குள் ஆயத்தமாக இருப்பதில்லை என்பதே இதற்குக் காரணம். குளுக்கோசினோலேட் என்னும் காரமற்ற சேர்மம் ஓர் அறையிலும், மைரோசினேஸ் என்னும் நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பும் பாக்கும் தனித்தனியே இருக்கும்வரை எதுவும் சிவப்பதில்லை, மென்ற பிறகே வாய் சிவக்கிறது அல்லவா? அதுபோலத் திசு நசுங்கும்போதுதான் இவ்விரண்டும் சந்திக்கின்றன. சூடான எண்ணெயில் நொதி சிதைந்துவிடுவதால் தாளித்த கடுகு காரமிழக்கிறது. கோஸ் இலையிலும் இதே ஏற்பாடுதான். இப்படிப் பிரித்து வைத்திருப்பது செடிக்கு இன்றியமையாதது. ஏனெனில் இறுதியில் விளையும் ஐசோதயோசயனேட் என்னும் காரப்பொருள் புரதங்களோடு வினைபுரிந்து, எந்த உயிரின் செல்லையும், செடியின் சொந்தச் செல்லையும்கூடக் கெடுக்க வல்லது.

இனி இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். குளுக்கோசினோலேட் மூலக்கூறில் ஒரு பக்கம் சர்க்கரையும் இன்னொரு பக்கம் சல்பேட்டும் ஒட்டியிருக்கின்றன. மைரோசினேஸ் முதலில் சர்க்கரையை வெட்டுகிறது. எஞ்சியது நிலைகொள்ளாமல் சல்பேட்டைத் தானே உதிர்த்துவிட்டு, தன் அணுக்களை மாற்றி அடுக்கிக்கொண்டு ஐசோதயோசயனேட் ஆகிறது. சர்க்கரை முதலில், சல்பேட் பிறகு: இந்த வரிசையில்தான் நஞ்சு பிறக்கும். வைரமுதுகுப் புழுவின் குடலில் சுரக்கும் சல்பட்டேஸ் என்னும் நொதி, இலைத்துணுக்கு உள்ளே வந்ததும் சல்பேட்டை முதலில் கழற்றிவிடுகிறது. சல்பேட் இழந்த மூலக்கூறை மைரோசினேஸால் வெட்ட முடிவதில்லை. சர்க்கரை ஒட்டியபடியே, யாருக்கும் தீங்கில்லாத பொருளாக, அது எச்சத்தோடு வெளியேறிவிடுகிறது. புழு நஞ்சைத் தாங்கிக்கொள்ளவும் இல்லை, முறித்துக்கொள்ளவும் இல்லை; செடியின் நொதியை முந்திக்கொண்டு வரிசையைக் குலைத்து, நஞ்சு பிறக்காமலே செய்துவிடுகிறது. ஜெர்மனியின் யேனா நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வேதிச்சூழலியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2002-ல் இதை வெளிப்படுத்தினார்கள். பிற்பாடு அந்த நொதிக்கான மரபணுவை அடக்கிப் பார்த்தபோது, புழுக்களின் உடலில் ஐசோதயோசயனேட் சேர்ந்து வளர்ச்சி குன்றியது.

தாய் அந்துப்பூச்சி இதற்கும் ஒரு படி மேலே போகிறது. பிற பூச்சிகளை விரட்ட எழும் அந்தக் கடுகு நெடியையே மோப்பம் பிடித்து வந்து, தன் முட்டைகளுக்கேற்ற செடி இதுதான் என்று தெரிந்துகொள்கிறது.

சாறுறிஞ்சிகளின் வழி வேறு. வெள்ளை ஈயும் அசுவினியும் ஊசி போன்ற வாயுறுப்பைச் செல்களுக்கு இடையே நுழைத்துச் சாற்றுக்குழாயை எட்டுவதால், அறைகள் பெரிதாக உடைவதில்லை. கோஸ் அசுவினி இன்னும் துணிந்தது. குளுக்கோசினோலேட்டைத் தன் உடலில் சேமித்துக்கொண்டு, தனக்கென்று ஒரு மைரோசினேஸைத் தசைகளில் உண்டாக்கி வைத்திருக்கிறது. பொறிவண்டு அதைக் கடித்தால் கடுகு நெடி அசுவினியின் உடலிலிருந்தே கிளம்புகிறது.

மருந்து தெளித்தும் வைரமுதுகு ஏன் போகவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. நஞ்சைச் சமாளிப்பது இந்த இனத்துக்கு வழிவழியாக வந்த தொழில். டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லிக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற முதல் பயிர்ப்பூச்சியாக 1953-ல் ஜாவாவில் பதிவானது இதுவே, பி.டி. என்னும் பாக்டீரியாவைக் கொண்ட தெளிப்புக்கு வயல்வெளியில் முதலில் ஈடுகொடுத்ததும் இதுவே.

ஆனால் செடிக்கு ஒரு துணை உண்டு. புழு கடித்த இலையிலிருந்து எழும் மணத்தைத் தொடர்ந்து டயடெக்மா செமிகிளாசம் என்னும் சிறு குளவி வந்து புழுவின் உடலுக்குள் முட்டையிடுகிறது; பொரிக்கும் குளவிக்குஞ்சு புழுவைத் தின்று கொன்றுவிடுகிறது. குளிர்ந்த மலைகளில் செழிக்கும் இந்தக் குளவி நீலகிரியில் நிலைபெற்றிருக்கிறது. எல்லாப் பூச்சிகளையும் கொல்லும் மருந்தைத் தெளித்தால் முதலில் மடிவது இதுதான். எதிர்ப்புத்திறன் பெற்ற புழு பிழைத்துக்கொள்கிறது. ஒருமுறை நிலைபெற்ற குளவியை ஆண்டுதோறும் விற்க இயலாதென்பதால், அதைப் பற்றிய ஆய்வுக்குத் தனியார் பணம் வருவது அரிது. குளவிகளை இனங்கண்டு, வளர்த்து, ஊர்தோறும் கணக்கெடுக்கும் ஆய்வுக்குப் பொதுப்பணத்தைத் தாராளமாக ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேத்தி வாசகர் அடுத்த முறை தெளிப்பானைத் தோளில் ஏற்றுவதற்கு முன், சில இலைகளைத் திருப்பி, மெல்லிய வலை போன்ற கூடுகளைத் தேட வேண்டும். வலைக்குள் கூட்டுப்புழு தெளிவாகத் தெரிந்தால் அது அந்துப்பூச்சி. வலைக்குள்ளே உருளை வடிவில், உட்புறம் தெரியாதபடி மூடிய இன்னொரு கூடு இருந்தால் அதில் குளவி வளர்கிறது. ஐயமிருந்தால் அந்த இலைத்துண்டைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வைக்கலாம். சில நாட்களில் எது வெளிவருகிறதென்று தெரிந்துவிடும். குளவியாக இருந்தால், குப்பியைக் கோஸ் பாத்திகளுக்கு நடுவே கொண்டுபோய்த் திறந்துவிடுங்கள்.