குதிரை போய்க் காக்கை வந்தது

கொழிஞ்சாம்பாறை கேரளத்தில் இருந்தாலும் என் டியூஷன் வகுப்பில் பேச்செல்லாம் தமிழ்தான். ஒருநாள் ‘கர்ரி ஃபேவர்’ என்ற ஆங்கிலத் தொடருக்குப் பொருள் கேட்டேன். “கறிவிருந்து வைத்துக் காரியம் சாதிப்பது, சார்” என்றான் ஒரு பையன்.

முகத்துதி செய்து தயவு பெறுவதுதான் அது; பொருளில் முக்கால்வாசி சரி. வேரில் முழுத் தவறு. தட்டில் விழும் ‘கர்ரி’ நம்முடைய கறி, போர்ச்சுகீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. வினைச்சொல்லான ‘கர்ரி’க்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது பழைய பிரெஞ்சுச் சொல். ‘தயார் செய்’ என்று பொருள். ஆங்கிலத்தில் குதிரையைப் பல்வைத்த சீப்பால் வட்டவட்டமாகத் தேய்த்து அழுக்கெடுப்பதையும், பதனிட்ட தோலை எண்ணெயிட்டு மென்மையாக்குவதையும் குறித்தது. எங்கள் பக்கம் வாய்க்காலில் இறக்கி வைக்கோல் புரியால் தேய்க்கும்போது மாடு கண்ணைப் பாதி மூடிக் கழுத்தை நீட்டிக் கொடுக்குமே, அந்தச் சுகம் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

‘ஃபேவர்’ எங்கிருந்து வந்தது? 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரெஞ்சில் எழுதப்பட்ட அங்கதக் கவிதை ஒன்றில் ஃபோவெல் என்றொரு குதிரை. முகத்துதி, பேராசை முதலிய தீக்குணங்களைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். பதவியில் இருப்பவர்களெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு அதைத் தேய்த்துவிடுகிறார்கள். ஆங்கிலத்திலும் முதலில் ‘கர்ரி ஃபேவெல்’தான். நாளடைவில் குதிரை யாருக்கும் நினைவில்லை. பொருள் தெரியாத ஒலியைக் காது சும்மா விடாது. பக்கத்தில் இருக்கும் தெரிந்த சொல்லில் கொண்டுபோய்ச் சேர்க்கும். 16ஆம் நூற்றாண்டில் ‘ஃபேவெல்’ தயவு என்று பொருள்படும் ‘ஃபேவர்’ ஆகிவிட்டது. சென்னையில் ஹாமில்டன் பாலம் மக்கள் வாயில் அம்பட்டன் வாராவதியாகி, பின் ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்று ஆங்கிலத்துக்கே திரும்பியதும் இதே வழியில்தான்.

தமிழில் இதற்கு நேரான ‘காக்காய் பிடித்தல்’கூட ‘கால் கை பிடித்தல்’ திரிந்து வந்தது என்பார்கள். அப்படியானால் ஆங்கிலத்தில் குதிரை தொலைந்தது. நம்மிடமோ, இல்லாத காக்கை வந்து உட்கார்ந்தது. மலையாளத்தில் இதைச் ‘சோப்பிடுதல்’ என்கிறார்கள். குளிப்பாட்டும் வேலை அங்கே இன்னும் நடக்கிறது.

மறுவாரம் தேர்வைத் தள்ளிவைக்கக் கேட்டு அதே பையன் முறுக்குப் பொட்டலத்துடன் வந்து நின்றான்.

“என்னடா, காக்காயா, சோப்பா?”

“குதிரை, சார்.”