டானிக் ஊற்றும் முன் கோழியின் ரத்தத்தைப் பாருங்கள்

முட்டைக்கோழி வளர்க்கும் ஒருவர் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கால்சியம் என்ற வரியில் 26 என்று இருந்தது. பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் 'மிக அதிகம்'. அதைப் பார்த்துப் பயந்துபோய், தீவனத்தில் கலந்து வந்த கிளிஞ்சலை அவர் நிறுத்திப் பத்து நாளாகிவிட்டது. எனக்கு அனுப்பியது வேறு காரணத்துக்காக. "டாக்டர், முட்டையைக் கையில் எடுத்தாலே ஓடு நொறுங்குது. ரெண்டு கோழி கூண்டுலயே உட்கார்ந்துடுச்சு. எந்த டானிக் கொடுக்கலாம்?"

ரத்தம் எடுத்த அன்று அந்தக் கோழிகளுக்கு ஒரு குறையும் இல்லை. முட்டையிடும் கோழிக்கு 100 மில்லியில் 20 முதல் 30 மில்லிகிராம் கால்சியம் இருப்பது இயல்பு. ஆய்வகம் அதை ஒப்பிட்டது பாலூட்டிகளின் அளவோடு. நமக்கும் நாய்க்கும், ஏன், முட்டையிடாத கோழிக்கும்கூட அது 10-ஐ ஒட்டித்தான் இருக்கும். முட்டைப் பருவம் வந்ததும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறுகிறது. மஞ்சள் கருவுக்கான புரதத்தைக் கல்லீரல் பெருமளவில் செய்து ரத்தத்தில் விடுகிறது. அந்தப் புரதம் தன்னோடு கால்சியத்தையும் கட்டிக்கொண்டு போகிறது. அதனால்தான் மொத்த அளவு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிறது. நரம்புக்கும் தசைக்கும் பயன்படுகிற, புரதத்தோடு ஒட்டாத கால்சியம் பெரிதாக மாறுவதில்லை. முட்டையிடும் கோழியின் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரிகிற நீர்) பல நேரம் பால் கலந்ததுபோல் கலங்கித் தெரிவதும் இதே காரணத்தால்தான். மஞ்சள் கருவுக்குப் போகும் கொழுப்பு அதில் மிதக்கிறது. கலங்கலைப் பார்த்ததும் கல்லீரல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஒன்றரைக் கிலோ கோழியின் ரத்தத்தில் எந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருப்பது ஏறத்தாழ 20 மில்லிகிராம்தான். அதாவது ரத்தத்தில் இருப்பதைப்போல நூறு மடங்கு ஒரே ஓட்டுக்குள் போகிறது. ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி இரவில், கோழி தீவனம் எடுக்காத நேரத்தில் நடக்கிறது. அப்போது கைகொடுப்பவை இரண்டு: இரைப்பையில் மெல்லக் கரைகிற கிளிஞ்சல் துண்டு, எலும்புக்குள் இருக்கும் சேமிப்பு. அவர் முதலாவதை நிறுத்திவிட்டார். கோழி எலும்பைக் கரைத்து ஓடு போட்டது. எலும்பு மெலிந்ததும் உட்கார்ந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான தவறை நான் இன்னும் அடிக்கடி பார்க்கிறேன். முட்டைக்கு வரப்போகிற விடைக்கோழிகளுக்கு 'இப்போதே ஓடு பலமாகட்டும்' என்று 10, 12 வாரத்திலேயே முட்டைக்கோழித் தீவனத்தைப் போட்டு, மேலே கால்சியம் டானிக்கும் கொடுப்பது. வளர் பருவத்தில் தீவனத்தில் கால்சியம் 1 சதவீதம் போதும். முட்டைக்கோழித் தீவனத்தில் அது 3.5 முதல் 4.5 சதவீதம். ஓடு போடாத கோழிக்கு இவ்வளவு கால்சியம் போனால் வெளியேற வழி சிறுநீரகம்தான், அந்தச் சுமையில் அது பழுதாகும்.

அப்படிச் செத்த ஒரு விடைக்கோழியை அறுத்தபோது, இதயத்தின் மேல் சாக்பீஸ் தூளைக் கொட்டித் தடவியதுபோல் வெள்ளையாக இருந்தது. கல்லீரல் உறையிலும் அதே வெள்ளை. சிறுநீரகத்தின் ஒரு மடல் சுருங்கி, இன்னொன்று வீங்கி, சிறுநீர்க் குழாயில் கல். அந்த வெள்ளைத் தூள் கால்சியம் இல்லை, யூரேட், அதாவது யூரிக் அமிலத்தின் உப்பு. கோழி தன் நைட்ரஜன் கழிவை நம்மைப்போல் யூரியாவாக்காமல் யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது. சிறுநீரகம் பழுதானால் அது ரத்தத்தில் தேங்கி உறுப்புகளின் மேல் படிகிறது. உயிரோடு இருந்த மற்ற கோழிகளின் ரத்தத்திலும் யூரிக் அமிலம் ஏறியிருந்தது. பார்ப்பதற்கு அவை நன்றாகத்தான் இருந்தன. இதுதான் என்னை மிகவும் வருத்துகிறது: வெளியே தெரியும் நேரத்தில் சிறுநீரகத்தின் பெரும்பகுதி போயிருக்கும்.

வைட்டமின் டி3 மிகுந்தாலும் இதே சிறுநீரகத்தில் கால்சியம் படியும். வைட்டமின் ஏ குறைந்தாலும் சிறுநீர்க் குழாய்களின் உட்படலம் தடித்து, அடைத்து, யூரிக் அமிலம் ஏறும். ஒன்றின் மிகுதியும் இன்னொன்றின் குறைவும் அறிக்கையில் ஒரே மாதிரி தெரியும். எண்ணை மட்டும் பார்த்து டானிக் எழுத முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். தீவனத்தில் என்ன போகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

ஏ.எஸ்.டி. என்ற நொதியும் இப்படித்தான் ஏமாற்றும். அது உயர்ந்ததும் லிவர் டானிக் வாங்கிவிடுகிறார்கள். கோழியில் அது கல்லீரலிலிருந்தும் வரும், தசையிலிருந்தும் வரும். சி.கே. என்ற தசை நொதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் எங்கே சேதம் என்று புரியும். சி.கே.யும் ஏறியிருந்தால் வைட்டமின் ஈ, செலினியம் குறைவை நினைக்க வேண்டும். குஞ்சுகளில் மார்பு, வயிற்றுத் தோலுக்கு அடியில் பச்சை நீலமாக நீர் கோத்துக்கொள்வதைச் செலினியம் தடுக்கிறது என்று 1957-இல் கண்டறிந்தார்கள். அதுவரை அது நஞ்சாக மட்டுமே அறியப்பட்டிருந்த தாது. தேவை மிகச் சிறியது, கிலோ தீவனத்துக்கு 0.15 மில்லிகிராம் அளவு. 5 மில்லிகிராமுக்குப் போனால் முட்டை பொரிப்பது குறையும், கரு உருக்குலையும். தாதுக்கலவையில் ஏற்கெனவே செலினியம் இருக்க, தண்ணீரிலும் ஒன்று, ஊசியில் ஒன்று என்று கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மருந்தோடு மோதும் வைட்டமின்களும் உண்டு. ஒட்டுண்ணியால் வரும் ரத்தக் கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் கொடுக்கும்போதே பி-காம்ப்ளெக்ஸும் தாராளமாக ஊற்றினால் மருந்தின் வேலை கெடும். ஆம்ப்ரோலியம் ஒட்டுண்ணியைக் கொல்வதே பி1 கிடைக்காமல் செய்துதான். அதே நோய்க்கான சல்பா குயினாக்சலின் மருந்தை நீண்ட நாள் கொடுத்தால் நிலைமை தலைகீழ். அங்கே வைட்டமின் கே கூடுதலாகத் தேவை, இல்லையென்றால் ரத்தம் உறையாது. வைட்டமின் கே உலகுக்குத் தெரிய வந்ததே கோழிக்குஞ்சால்தான். கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்ற விஞ்ஞானி கொழுப்பு நீக்கிய தீவனம் கொடுத்த குஞ்சுகள் தோலுக்கடியில் ரத்தம் கசிந்து செத்தன. அந்தத் தேடலுக்கு 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

வெயில் காலத்தில் ஓடு மெலிவது வேறு கதை. கோழி வாயைத் திறந்து மூச்சிரைக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தம் காரத்தன்மை அடைகிறது. ஒட்டாமல் இருந்த கால்சியம் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. மொத்தக் கால்சியம் சரியாக இருந்தும் ஓட்டுக்குக் கிடைப்பது குறையும். இங்கே கால்சியம் டானிக் உதவாது. காற்றோட்டம், குளிர்ந்த நீர், பொட்டாசியம் சேர்ந்த எலக்ட்ரோலைட் (தாது உப்புக் கலவை), இவைதான் முதலில். வைட்டமின் சி-யைக் கோழி தன் சிறுநீரகத்திலேயே செய்துகொள்ளும். கடும் வெப்பத்தில் அது போதாமல் போவதால் அப்போது கொடுப்பதில் பலன் உண்டு. தண்ணீரில் கலந்தால் சில மணி நேரத்தில் தீரும் அளவே கலக்க வேண்டும், நின்றால் வீரியம் போய்விடும்.

அப்புறம், ரத்தம் எடுக்கும் விதம். இறக்கையின் ரத்த நாளத்தில் எடுத்ததை ஊதா மூடிக் குழாயில் ஊற்றி அனுப்பினால் அதிலுள்ள, ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கால்சியம் ஒன்றுமே இல்லாததுபோல் முடிவு வரும். கால்சியம் பார்க்கச் சீரம் குழாயோ ஹெப்பாரின் குழாயோ வேண்டும். ஊசியில் வேகமாக இழுத்துச் செல்கள் உடைந்தால் பொட்டாசியமும் ஏ.எஸ்.டி.யும் பொய்யாக ஏறும். தீவனம் எடுத்த உடனே எடுத்தால் யூரிக் அமிலம் கூடுதலாகக் காட்டும்.

முதலில் சொன்ன பண்ணையில் டானிக் எதுவும் எழுதவில்லை. கிளிஞ்சலைத் திரும்பச் சேர்த்து, அதைப் பிற்பகல் தீவனத்தில் கூடுதலாக வைக்கச் சொன்னேன். உட்கார்ந்த இரண்டையும் கூண்டிலிருந்து எடுத்துத் தரையில் விட்டு, தீவனமும் தண்ணீரும் எட்டும்படி வைத்தார். ஒன்று ஐந்தாம் நாள் எழுந்து நடந்தது. இன்னொன்று பிழைக்கவில்லை. அடுத்த முறை ரத்தம் அனுப்பும்போது குழாயோடு ஒரு சீட்டில் கோழியின் வயது, முட்டையிடுகிறதா, எத்தனை மணிக்கு எடுத்தது, அந்த வாரம் தண்ணீரில் என்னென்ன கலந்தது என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.